நுரையீரல் மாற்று சிகிச்சை: யாருக்கு, எந்த அளவு பலன்?

கொரோனா கடுமையாகத் தாக்கியவர்களிலும் பெரும்பாலோரின் நுரையீரல் நாளடைவில் ஓரளவேனும் தேறிவிடுகிறது. மிகச் சிலருக்கு மட்டும், கிருமி நீங்கிய பிறகும் நுரையீரல் தழும்பேறி இறுகிப் போகிறது. வென்டிலேட்டரோ எக்மோ இயந்திரமோ இன்றி அவர்களால் வாழ முடிவதில்லை. இத்தகையோருக்கு நுரையீரலை மாற்றினால் பலன் உண்டா? இதுவரை தெரியவந்த முடிவுகளைச் சுருக்கமாகத் தருகிறோம்.

2020 ஜூனில் சிகாகோ நகரின் நார்த்வெஸ்டர்ன் மருத்துவமனையில், கொரோனாவால் நுரையீரல் பழுதான இளம்பெண்ணுக்கு இரு நுரையீரல்களும் மாற்றப்பட்டன. அமெரிக்காவில் இதுவே முதல். அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னையிலும் இச்சிகிச்சை நடந்தது. 2020 ஆகஸ்ட் முதல் 2021 செப்டம்பர் வரை அமெரிக்காவில் கொரோனா பாதிப்புக்காக 214 பேருக்கு நுரையீரல் மாற்றப்பட்டது. மூன்று மாதம் கடந்து உயிருடன் இருந்தோர் 95.6 சதவீதம்.

சிகாகோ மருத்துவர்கள் 30 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டனர். கணக்கெடுத்த நாள் வரை 30 பேரும் உயிருடன் இருந்தனர். ஆனால் பாதை எளிதாக இல்லை. அவர்களில் 70 சதவீதத்தினருக்குப் புதிய நுரையீரல் தொடக்க நாட்களில் சரிவர இயங்கவில்லை. மற்ற நோய்களுக்காக மாற்றிக்கொண்டவர்களிடம் இது சுமார் 21 சதவீதமே. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களும் ஏறத்தாழ இரு மடங்கு.

இந்த எண்களைப் பார்த்து எல்லோருக்கும் இதே பலன் என்று எண்ணிவிடக் கூடாது. இவர்கள் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். நுரையீரல் இனித் தேறாது என்று உறுதியாகும் வரை மருத்துவர்கள் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் காத்திருப்பர். தொற்று முற்றிலும் நீங்கியிருக்க வேண்டும். சிறுநீரகம், கல்லீரல் போன்ற பிற உறுப்புகள் நலமாக இருக்க வேண்டும். இரத்த வகையும் அளவும் பொருந்திய தானம் கிடைக்கும் வரை நோயாளி தாக்குப்பிடிக்கவும் வேண்டும்.

அறுவை முடிந்தாலும் சிகிச்சை முடிவதில்லை. உடல் புதிய உறுப்பை நிராகரிக்காதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்து சாப்பிட வேண்டும். அம்மருந்து எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால் பிற தொற்றுகள் எளிதில் வரும். எந்த நோய்க்காக மாற்றினாலும், ஐந்தாண்டு கடந்து வாழ்வோர் பாதிக்குச் சற்று மேல்தான்.

ஆகவே வீட்டை அடகு வைத்துப் பணம் திரட்டும் முன் மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: நுரையீரல் தானாகத் தேற இன்னும் வாய்ப்பு உண்டா? பிற உறுப்புகள் தாங்குமா? மாதந்தோறும் மருந்துக்கும் பரிசோதனைக்கும் எவ்வளவு ஆகும்? மூன்றாவதற்கான பதிலை உதவி விண்ணப்பத்திலும் தவறாமல் எழுதுங்கள். துயரத்தில் இருந்த ஒரு குடும்பம் தந்த அமானிதம் அந்த நுரையீரல். மருந்துக்குப் பணமின்றி அது வீணாகிவிடக் கூடாது.