பேக்கப் எந்த ஊரில் இருக்கிறது?

கேள்வி: வீட்டிலிருந்தே புடவை விற்க இணையதளம் தொடங்குகிறோம். எந்த ஹோஸ்டிங் எடுக்கலாம்?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: விலையை அப்புறம் பாருங்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்து எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர், தளத்தோடு அதையும் சேர்த்தே இழந்தார்கள். ஆகவே முதலில் கேளுங்கள்: பேக்கப் எங்கே இருக்கிறது, அதை நானே டவுன்லோடு செய்துகொள்ள முடியுமா? வாரம் ஒருமுறை அதை வீட்டு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.

வாங்குபவர்கள் இங்கே என்றால் சர்வரும் இந்தியாவில் இருப்பது நல்லது. பக்கம் சீக்கிரம் திறக்கும். டிஜிட்டல் ஓஷனுக்குப் பெங்களூரிலும், அமேசானுக்கு மும்பை, ஐதராபாத்திலும் சர்வர்கள் உண்டு. ஆனால் அங்கே வாடகைக்கு எடுக்கும் சர்வரைப் பராமரிப்பது பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. அதற்கு ஆள் இல்லையென்றால், தொடக்கத்துக்கு, சர்வரை நிறுவனமே பார்த்துக்கொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கே போதும். புடவைப் படங்களை மட்டும் அளவைக் குறைத்து ஏற்றுங்கள்.

முதல் வருடச் சலுகையில் மயங்காமல், ரெனியூவல் கட்டணத்தைக் கேளுங்கள். தளத்துக்குப் பாதுகாப்பான இணைப்பு தரும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகப் பணம் வேண்டாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. டொமைனை, தளம் செய்து தருபவர் பெயரில் விடாதீர்கள். உங்கள் பெயர், உங்கள் இமெயில்தான் இருக்க வேண்டும். பணம் கட்டுமுன், ஒரு ஞாயிறு இரவு சப்போர்ட்டுக்குக் கேள்வி அனுப்பிப் பாருங்கள். தீபாவளி வாரத்தில் தளம் முடங்கினால் அவர்களைத்தான் கூப்பிடப்போகிறீர்கள்.