ஓ.பி. சீட்டும் குக்கியும்

ஏழாம் வகுப்புக்கு எரிமலை பற்றிய காணொலி ஒன்றைக் காட்டலாம் என்று திறன் பலகையில் என் சொந்த ஜிமெயில் கணக்கைத் திறந்தேன். எரிமலைக்கு முன்பாக நகைக்கடன் விளம்பரம் வந்து நின்றது. பக்கத்திலேயே தைராய்டுக்கான உணவுமுறை, அதன் கீழ் மறுபடியும் நகைக்கடன்.

"டீச்சர், உங்க நகை அடகுல இருக்கா?" என்றது கடைசி வரிசைக் குரல் ஒன்று. வகுப்பே சிரித்தது; நானும் சிரித்து வைத்தேன். முந்தைய இரவுதான் எந்த வங்கியில் வட்டி குறைவு என்று என் கைப்பேசியில் தேடியிருந்தேன். வீட்டில்கூடச் சொல்லாத செய்தி, முப்பத்தாறு பிள்ளைகள் முன்னால் பலகையில் ஓடியது.

"அதுக்கு எப்படி டீச்சர் தெரியும்?" என்று அடுத்த கேள்வி வந்தது. எரிமலையை மறுநாளைக்குத் தள்ளிவைத்தேன்.

எங்கள் கிளியனூர், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் இருக்கிறது. அதே சாலையில்தான் ஜிப்மர். ஓ.பி. சீட்டு என்றால் இங்கே விளக்கம் தேவையில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் வந்துபோகும் இடத்தில் மருத்துவருக்கு நம் முகம் நினைவிருக்காது. சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் போன முறை என்ன மருந்து கொடுத்தோம் என்று அறிந்துகொள்கிறார். இணையதளமும் அப்படித்தான். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனாலே நம்மை மறந்துவிடும். இந்த மறதிக்கு மருந்தாக 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மாண்டுலி உருவாக்கியதுதான் குக்கி. தளம் ஓர் எண்ணை எழுதி நம் உலாவியில் வைத்துவிடுகிறது. அடுத்த முறை போகும்போது உலாவி அந்தச் சீட்டைத் தானாகவே நீட்டுகிறது. கடவுச்சொல்லைப் பக்கத்துக்குப் பக்கம் கேட்காமல் எமிஸ் போன்ற தளங்களில் நாம் வேலை பார்க்க முடிவது இந்த வகை ஏற்பாட்டால்தான். இதில் தவறில்லை.

சிக்கல், சீட்டைக் கொடுப்பவர் நாம் போன கடைக்காரராக இல்லாதபோது வருகிறது. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட நடித்துக் காட்டுவது எளிது. நான்கு மேசைகளைக் கடைகளாக்கினேன்: சைக்கிள் கடை, மருந்துக் கடை, துணிக்கடை, நாளிதழ்க் கடை. நான்கிலும் ஓரமாக 'விளம்பர நிறுவன'ப் பிள்ளைகள் நால்வர் நின்றார்கள். வாடிக்கையாளரிடம் பெயர் கேட்கக் கூடாது. எண் மட்டும் கொடுத்து, எந்தக் கடையில் என்ன கேட்டார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். இருபது நிமிடம் கழித்து நான்கு நோட்டுகளையும் ஒன்றாக வைத்து வாசித்தார்கள்.

"17ஆம் எண். சைக்கிள் விலை மூணு தடவை கேட்டாங்க, வாங்கல. சர்க்கரை மாத்திரை பாதி அட்டை போதும்னாங்க. வீட்ல யாருக்கோ சுகர். காசு இல்ல."

கைதட்டினார்கள். 17ஆம் எண்ணுக்குரிய சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள். கற்பனையாகக் கேளுங்கள் என்று நான் சொல்ல மறந்துவிட்டேன். அவள் வழக்கமாகப் பாட்டிக்கு வாங்குவதைத்தான் கேட்டிருக்கிறாள். பெயரே இல்லாமல் நான்கு துண்டுச் செய்திகள் ஒரு வீட்டைத் திறந்து காட்டிவிட்டன. இந்தச் செயல்பாட்டைச் செய்ய விரும்பும் ஆசிரியர்கள் கற்பனை மனிதர்களின் விவரங்கள் எழுதிய அட்டைகளை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அன்று மாலை அந்தப் பிள்ளையிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன்.

விளம்பர நிறுவனங்களோடு இது முடிவதில்லை. நம் பாடநூல்களின் கியூஆர் கோடுகள் வழியாகவும் நிஷ்டா பயிற்சி வழியாகவும் நாம் எல்லோரும் அறிந்த தீக்‌ஷா தளம் 2017இல் தொடங்கப்பட்டது. கொரோனா காலத்தில் பாடம் நின்றுவிடாமல் காத்த தளங்களில் அதுவும் ஒன்று. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால், 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2022இல் வெளியிட்ட அறிக்கை, குழந்தைகளின் துல்லியமான இருப்பிடத்தைச் சேகரிக்கும் திறன் தீக்‌ஷா செயலிக்கு இருந்ததாகக் கூறியது. 2023 ஜனவரியில் வயர்டு இதழ் இன்னொரு செய்தியை வெளியிட்டது. தீக்‌ஷா தரவு இருந்த மேகக் கணினிச் சேமிப்பகம் ஒன்று பூட்டப்படாமல் கிடந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி. ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்களின் பெயர், பள்ளி முதலிய விவரங்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு திறந்து வைக்கவில்லை. பூட்ட மறந்த பீரோ, அவ்வளவுதான். பீரோவில் இருந்தது நம் பெயர்கள்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டு, சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. கல்விப் பணிக்கும் குழந்தையின் பாதுகாப்புக்கும் தேவையான அளவு கண்காணிப்பில் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. விலக்கு என்பதை 'எதையும் கேட்கலாம்' என்று நாம் படித்துவிடக் கூடாது என்பது என் கருத்து.

திறன் பலகையில் இப்போது நான் மறைநிலைச் சாளரத்தைத்தான் திறக்கிறேன். மூடியதும் அந்தச் சாளரத்தில் சேர்ந்த குக்கிகள் அழிந்துவிடும். (நாம் போகும் தளத்துக்கும் நாம் தெரியாமல் போய்விடுவோம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை.) 'குக்கிகளை ஏற்கிறேன்' என்ற பெரிய பொத்தானுக்குப் பக்கத்தில் மங்கலாக 'நிராகரி' இருக்கும், பிள்ளைகள் அதைக் கண்டுபிடிப்பதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். பிற நிறுவனங்கள் வைக்கும் குக்கிகளை சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும் தாமாகவே கட்டுப்படுத்துகின்றன. குரோமில் அமைப்புகளுக்குள் போய் நாம்தான் தடுக்க வேண்டும்.

பிறகு, என் கைப்பேசியைப் பார்த்தேன். உதவித்தொகை வேலைக்காக ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட மாணவர் பட்டியல்: ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், சாதி, தாயின் கைப்பேசி எண். பதினான்கு பேர் கைப்பேசியில் அது இருக்கிறது. அதில் இருவர் மாறுதலில் போய்விட்டார்கள். குழுவில் அழிக்கச் சொன்னேன். அழித்தார்கள். ஆனால் படம் கேலரியில் இருந்தது, கேலரியிலிருந்து கூகுள் போட்டோஸுக்கும் தானாகப் போயிருந்தது. ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க எனக்கு ஒரு சனிக்கிழமை மாலை முழுவதும் ஆயிற்று. மாறுதலில் போன இருவருக்கும் போன் செய்தேன். ஒருவர், "அந்த லிஸ்டா டீச்சர்? என் பையன் கேம் விளையாடுற போன்ல இருக்கும், பார்த்துச் சொல்றேன்" என்றார்.