சாம்பிளை மட்டும் பார்த்து ஏலம் கேட்காதே

பாப்பா,

போன ஞாயிறு ராத்திரி நீ போனில் கேட்டதற்கு நான் சொன்னது பதிலே இல்லை. "அக்கா, வருஷப் பிறப்பு ஆராதனையில எடுத்த வாக்குத்தத்த அட்டை இன்னும் பர்ஸ்லதான் இருக்கு. எரேமியா 29:11. பாதி வருஷம் ஓடிருச்சு. அவருக்கு வேலையும் போச்சு. ஆபீஸ்ல ஒருத்தர் பைபிளையே எத்தனையோ தடவை மாத்திட்டாங்கங்கிறார். எதை நம்பி வழி கேக்குறது?" என்றாய். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "ஜெபம் பண்ணு தாயி" என்று சொல்லி வைத்துவிட்டேன். மனசு உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நான் வேதாகமப் பள்ளிக்குப் போனவள் இல்லை. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. இருபது வருஷமாக முறம் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நம்புவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது பாதி சர்ச்சில், பாதி அந்த முறத்தில்.

எங்கள் ஊரில் ஏலமே ஏலத்துக்குப் போகும், உனக்குத் தெரிந்ததுதான். மேட்டில் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கமிருந்து மூட்டை வரும். வியாபாரி முன்னால் வைப்பது ஒரு கைப்பிடி சாம்பிள். அவர் அதை உருட்டிப் பார்ப்பார், பிளந்து பார்ப்பார், மோந்து பார்ப்பார். லிட்டர் வெயிட் கேட்பார். எட்டு எம்எம் காயாக மட்டும் பொறுக்கி சாம்பிள் வைத்தால் நம்பவே மாட்டார். மூட்டை என்றால் பெரிசு, சிறிசு, வெடிச்சது, சொறி விழுந்தது எல்லாம் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் மூட்டையை அவிழ்த்து நடுவில் கைவிட்டு அள்ளுவார்.

உன் பர்ஸில் இருப்பது எட்டு எம்எம் சாம்பிள், பாப்பா. புலம்பல் 3:1-ஐ வாக்குத்தத்த அட்டையில் அச்சடித்து எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? ஆமோஸ் 5:21-ஐ? அங்கே கடவுள், உங்கள் பண்டிகைகள் எனக்கு வேண்டாம் என்கிறார். அதை யார் புது வருஷத்தில் எடுப்பார்கள்? அட்டையைக் குறை சொல்லவில்லை, நானும் வருஷா வருஷம் எடுக்கிறவள்தான். ஆனால் நீ நம்ப வேண்டியது மூட்டையை.

அட்டையை எடுத்தால் அதன் அதிகாரத்தையும் எடு

இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மீதி எல்லாம் பின்னாலேயே வரும். அதிகார எண்களும் வசன எண்களும் எழுதினவர்கள் போட்டதில்லை. அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் வசன எண்கள் 1551-இல் ஓர் அச்சுக்காரர் போட்டவை. தேடி எடுக்க வசதியாகப் போட்ட எண்ணை வைத்துக்கொண்டு நாம் துண்டு துண்டாக வெட்டிவிட்டோம்.

உன் வசனத்தையே எடு. 29-ஆம் அதிகாரம் ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறையாகப் போன ஜனங்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதினது. 5, 6-ஆம் வசனங்களில், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளை குட்டி பெறுங்கள் என்கிறார். 7-இல், உங்களைப் பிடித்துக்கொண்டு போன அந்த ஊர் நன்றாக இருக்க வேண்டுமென்று ஜெபியுங்கள் என்கிறார். 10-ஆம் வசனம் யார் கண்ணிலும் படுவதில்லை. திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்று அங்கேதான் இருக்கிறது. அதற்கு அடுத்த வரிதான் உன் அட்டை: நான் உங்களைப் பற்றி நினைப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்பது.

ஒரு அதிகாரம் முன்னால் போனால் இன்னும் ருசி. அங்கே அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொல்கிறார். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! அவர் பொய்யை நம்ப வைக்கிறார் என்று எரேமியா சொன்னார். அந்த வருஷமே அனனியா செத்துப்போனார். அன்றைக்கு அட்டை அச்சடித்திருந்தால் அனனியா சொன்னதைத்தான் அச்சடித்திருப்பார்கள்.

இதைப் படித்த பிறகு உன் அட்டை பொய்யாகிவிட்டதா? இல்லை. எனக்கு அது இப்போதுதான் கனமாகத் தெரிகிறது. ஆறு மாதத்தில் வேலை கிடைக்கும் என்று அது சொல்லவே இல்லை. சொல்லாததைச் சொன்னதாக நினைத்துக்கொண்டு, நடக்கவில்லை என்று அதன்மேல் கோபப்படுகிறோம். இருபத்தெட்டையும் இருபத்தொன்பதையும் இன்று ராத்திரி சேர்த்துப் படி. கால் மணி நேரம்கூட ஆகாது.

யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்

மேட்டில் ஜீப் கவிழ்ந்து மகனைப் பறிகொடுத்த ஒரு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தேன். அங்கே ஒருவர், குற்றமில்லாதவன் அழிந்ததுண்டா என்கிற மாதிரி ஒரு வசனத்தை எடுத்துவிட்டார். யோபு 4:7. அந்தத் தாயின் முகம் செத்துப்போய்விட்டது. வேதத்தில்தானே இருக்கிறது, இல்லை என்று யார் சொல்வது? ஆனால் அதைச் சொன்னது எலிப்பாஸ். கடைசி அதிகாரத்தில் கடவுளே அந்த எலிப்பாசைக் கூப்பிட்டு, நீ என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கோபிக்கிறார். 42:7-ஐப் பார். நாற்பத்திரண்டு அதிகாரமும் படித்திருந்தால் அந்த மனுஷன் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

இன்னொன்று. மத்தேயு 4-இல் இயேசுவிடம் 91-ஆம் சங்கீதத்தைச் சொல்லிக் காட்டுவது சாத்தான். வாட்ஸ்அப்பில் வசனம் வந்தால் இது எனக்கு ஞாபகம் வரும்.

"மாத்திட்டாங்க" என்பவருக்கு

சண்டை போடாதே. டீ வாங்கிக் கொடுத்துப் பேசு. அவர் கேட்பது நியாயமான கேள்வி. காயில் பச்சைச் சாயம் ஏற்றி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் நல்ல காயையும் ஈரத் துணியில் தேய்த்துப் பார்க்கத்தான் வேண்டும். தேய்த்தால் நல்ல காய்க்கு ஒன்றும் ஆகாது.

1947-இல் சாக்கடல் பக்கம் கும்ரான் குகையில் சுருள்கள் கிடைத்தன. அதில் ஏசாயா புத்தகம் முழுசாக ஒரு சுருள், நீளம் ஏழு மீட்டருக்கு மேல். இயேசு பிறப்பதற்கும் நூறு வருஷத்துக்கு முன்னால் தோலில் எழுதினது. அதுவரை கையில் இருந்த எபிரெயப் பிரதிகள் அதற்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் இளையவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எழுத்துக்கூட்டலில் வித்தியாசம் இருந்தது, சொற்களிலும் அங்கங்கே இருந்தது. சொல்லுகிற செய்தி அதுவேதான். ஆயிரம் வருஷம் கையால் பார்த்துப் பார்த்து எழுதினவர்களை நினைத்தால் எங்கள் முறத்துப் பெண்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். பிசகு வரும், மூட்டையே மாறிப்போகாது.

எல்லாமே சுத்தம் என்றும் அடித்துச் சொல்லிவிடாதே. மாற்கு 16-இன் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. யோவான் 8-இல் கல்லெறிந்து கொல்லக் கொண்டுவந்த பெண்ணின் கதையும் அப்படித்தான். பல புதிய பதிப்புகளில் அடைப்புக்குறி போட்டோ அடிக்குறிப்பிலோ இதைச் சொல்லியே இருப்பார்கள். முதலில் பார்த்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. பிறகுதான் யோசித்தேன்: சொறிக்காயைத் தனியாக எடுத்துக் காட்டுகிறவனை நம்பலாம். மறைக்கிறவனைத்தான் நம்பக் கூடாது.

லூக்கா முதல் நாலு வசனத்தையும் அவருக்குக் காட்டு. கண்ணால் கண்டவர்கள் சொன்னதை விசாரித்து, வரிசைப்படுத்தி எழுதுகிறேன் என்று ஆரம்பிக்கிறார். கொரிந்தியருக்கு எழுதின முதல் கடிதம் 15:6-இல் பவுல், ஐந்நூறு பேருக்கு மேல் பார்த்தார்கள், பெரும்பாலும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுப் பார் என்கிற தோரணை அது. இதை வைத்து உன் நண்பருக்கு விசுவாசம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது கணக்குப் போட்டு வருவதில்லை. கேள்வி கேட்கத் தகுதியான புத்தகம் என்றாவது தெரியட்டும்.

தமிழ் புரியாவிட்டால் கடவுளைச் சந்தேகிக்காதே

சின்ன வயதில் நான் "இரட்டுடுத்தி" என்று வாசித்துவிட்டு, நினிவே ஜனங்கள் இரண்டு இரண்டு துணி கட்டிக்கொண்டார்கள் போல, குளிராக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அம்மாச்சிதான் சிரித்துவிட்டு, "அது நம்ம காய்ச் சாக்கு மாதிரி முரட்டுத் துணிடி கழுதை" என்றாள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கேட்டே முப்பது சங்கீதம் மனப்பாடம்.

நம் சர்ச்சில் வாசிப்பது 1871-இல் பவர் ஐயர் தலைமையில் முடிந்த மொழிபெயர்ப்பு. அதற்கும் முன்னால் தரங்கம்பாடியில் சீகன்பால்கு. 1706-இல் வந்து இறங்கினவர், 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்துவிட்டார். இந்திய மொழி எதிலும் அதற்கு முன் அப்படி வந்ததில்லை. பிறகு வேப்பேரியில் பப்ரிசியுஸ். அவர் தமிழைத் தங்கம் என்பார்கள், ஆனால் மனுஷன் கடன் விவகாரத்தில் மாட்டிச் சிறையிலும் கிடந்தார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணை நின்ற ஆறுமுக நாவலர், கடைசி வரை சைவர்! இத்தனை பேர் கைப்பட்டு வந்ததைத்தான் உன் நண்பர் "மாத்திட்டாங்க" என்கிறார். மாற்றியது தமிழை. ஒவ்வொரு தடவையும் எபிரெயத்துக்கும் கிரேக்கத்துக்கும் போய்த்தான் திரும்ப வந்தார்கள்.

ஆகவே, புரியாத இடத்தில் பக்கத்தில் இன்னொரு மொழிபெயர்ப்பை வைத்துக்கொள். 1995-இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம் நல்லது. பழையதை விட்டுவிடாதே, ஜெபத்துக்கு அந்தத் தமிழ்தான் எனக்கு வாயில் வருகிறது.

விரல் வைத்துப் பார்க்காதே

கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை வைத்து வேலையை விடுவது, வரன் முடிப்பது வேண்டாம். நம் நாட்டில் ஏட்டில் கயிறு சாத்திப் பார்த்தது போலத்தான் அதுவும். எந்தக் கம்பெனியில் சேரலாம் என்று பைபிளில் இருக்காது. சேர்ந்த பிறகு எப்படி நடந்துகொள்வது என்று இருக்கும்.

அதைத்தான் நான் வழிகாட்டி என்கிறேன். உபாகமம் 24:14, 15-ஐ எடுத்துப் பார். கூலிக்காரனுடைய கூலியை அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு, அவன் அதை நம்பித்தான் இருக்கிறான் என்கிறது. விடியுமுன் எழுந்து, ஜீப்பில் நெருக்கியடித்துப் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய், நாளெல்லாம் குனிந்து காய் எடுக்கிற பெண்ணுக்கு அந்த வசனத்தை விளக்கவே வேண்டாம். ஒரு காலத்தில் நான் வேலை பார்த்த இடத்தில் வாசலில் பெரிதாக வசனப் பலகை தொங்கும். உள்ளே மூன்று வாரக் கூலி பாக்கி நிற்கும். அப்போது எனக்கு வேதத்தின் மேல்தான் வெறுப்பு வந்தது. பிறகு ஒருநாள் யாக்கோபு 5:4 கண்ணில் பட்டது. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார். அந்தப் பலகை மாட்டினவர்மேல் எனக்கிருந்த கோபம் அதில் முன்னமே எழுதியிருந்தது. அன்றைக்குத்தான் இந்தப் புத்தகத்தை மனதார நம்பினேன்.

உடனே சந்தோஷப்பட்டுவிடவில்லை. லேவியராகமம் 19:36 சரியான தராசு வேண்டும் என்கிறது. அந்த மாதம் தெரிந்தவருக்காகச் சொறிக்காயைக் கொஞ்சம் நல்லதோடு தள்ளிவிட்டவள் நான்தான். அடுத்தவருக்கு மட்டும் பொருந்துகிற வசனமாகவே உனக்கு அகப்பட்டுக்கொண்டிருந்தால், நீ பொறுக்கி எடுக்கிறாய் என்று அர்த்தம்.

தனியாக உட்கார்ந்து முடிவு கட்டாதே

பெரோயா பட்டணத்தார் பவுல் பிரசங்கத்தையே தினமும் வேதத்தைப் புரட்டிச் சரிபார்த்தார்கள். அப்போஸ்தலர் 17:11. அதற்காக அவர்களைத் திட்டவில்லை, பாராட்டி எழுதியிருக்கிறது. போதகர் ஐயா சொன்னதையும் வீட்டில் வந்து பார். பார்த்துவிட்டு அவரிடமே கேள். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற இடமாக இருந்தால் வேறு நல்லவர்களைத் தேடு, நாலு பெண்கள் போதும். எங்களுக்குச் சாப்பாட்டு இடைவேளைதான் வேதபாடம். வாசிக்கத் தெரிந்தவள் வாசிப்பாள், தெரியாதவள் கேட்கிற கேள்விதான் எப்போதும் கஷ்டமாக இருக்கும்.

ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் வண்டி நின்றுபோன கதை உனக்கும் உண்டு. இந்தத் தடவை மாற்கில் ஆரம்பி. பதினாறே அதிகாரம், நாளுக்கு ஒன்று. பிறகு ரூத், நாலு அதிகாரம், அறுத்த வயலில் கதிர் பொறுக்குகிற பெண், நம் ஆள். வாய்விட்டு வாசி. உன் வீட்டுக்காரர் சும்மா படுத்திருந்தாலும் காதில் விழும். புரியாததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள், ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் பண்ணு. இந்த வாரம் அடுப்பில் பால் வைக்க மாட்டேன்.

சென்னை ரயிலில் பக்கத்து வீட்டுப் பையன் வருகிறான், அரைக் கிலோ காய் கொடுத்தனுப்புகிறேன். நடுத்தரம்தான், ஆனால் மணம் இருக்கும். ஒரு டம்ளர் டீக்கு ஒரு காய் போதும், தோலோடு தட்டிப் போடு.

அக்கா