சாராயக் கடையை மூடியது யார்?

ஆந்திர மாநிலம், நெல்லூர் மாவட்டம். அங்கே தூபகுண்டா என்று ஒரு கிராமம். 1990-களின் தொடக்கத்தில் அங்கு எழுத்தறிவு வகுப்பு நடந்தது. பகலில் கூலி வேலைக்குப் போன பெண்கள் படிக்க வந்தார்கள்.

பாடப் புத்தகத்தில் சீதம்மாவின் கதை இருந்தது. குடியால் கெட்ட ஒரு குடும்பத்தின் கதை. பெண்கள் படித்தார்கள். அது தங்கள் வீட்டுக் கதை போலவே இருந்தது. கூடிப் பேசினார்கள். ரோசம்மா முன்னே நின்றார். ஊருக்குள் சாராயம் வராமல் தடுத்தார்கள்.

செய்தி பரவியது. 1992-இல் மாவட்டம் முழுவதும் பெண்கள் எழுந்தார்கள். சாராயக் கடை ஏலத்தை மறித்தார்கள். அரசு இறங்கி வந்தது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரம் முழுவதும் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995-இல் எல்லா மதுவுக்கும் தடை வந்தது. ஆனால், 1997-இல் அரசு முழுத் தடையைத் தளர்த்தியது. மதுவால் வரும் வரிப் பணம் அரசுக்குப் பெரிது.

அரசுக்கு என்ன அதிகாரம்?

நம் அரசியல் சட்டத்தின் 47-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? மக்களின் உடல்நலத்தை உயர்த்துவது அரசின் கடமை. மருந்துக்குத் தவிர, மதுவை விலக்க அரசு முயல வேண்டும். மது பற்றிச் சட்டம் செய்யும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது.

அரசு என்னென்ன செய்யலாம்?

1. கடைகளைக் குறைக்கலாம். விற்கும் நேரத்தையும் குறைக்கலாம்.
2. வரியை உயர்த்தலாம். விலை ஏறினால் குடிப்பது குறையும்.
3. சிறு வயதினருக்கு விற்பதைத் தடுக்கலாம். பல மாநிலங்களில் 21 வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது.
4. மது விளம்பரத்தைத் தடுக்கலாம்.
5. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரைத் தண்டிக்கலாம். 2019-இல் திருத்திய சட்டப்படி, முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

சட்டம் மட்டும் போதுமா?

பீகாரில் 2016-இல் முழு மதுவிலக்கு வந்தது. அதன் பிறகும் கள்ளச் சாராயம் குடித்துப் பலர் இறந்தார்கள். தடை போட்டால் மட்டும் போதாது. கள்ளச் சாராயத்தையும் ஒழிக்க வேண்டும். குடிக்கு அடிமையானவருக்குச் சிகிச்சையும் வேண்டும். குடிநோய் ஒரு நோய். அதற்கு மருத்துவம் உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

அதிகாரம் அரசிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்பது நம் கையில் இருக்கிறது. கிராம சபையில் பேசலாம். ஒன்று சேர்ந்து மனு எழுதலாம். மனுவில் கைநாட்டு வேண்டாம். நம் பெயரை நாமே எழுதுவோம்.

பேசுவோம்

1. நம் ஊரில் மதுக் கடை எங்கே இருக்கிறது? பள்ளிக்கு அருகிலா?
2. ஒரு மாதக் கூலியில் எவ்வளவு குடிக்குப் போகிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள்.
3. அரசுக்கு வரும் வரிப் பணம் பெரிதா, குடும்பத்தின் நலம் பெரிதா?