சிலிண்டருக்குள் இருப்பது காற்று

கல்குடாக் கடலில் சுழியோடப் பழக்குவது என் தொழில். வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்கும் முதல் கேள்வி, "இந்த ஒட்சிசன் சிலிண்டர் எவ்வளவு நேரம் தாங்கும், சேர்?" பத்திரிகையிலும் அப்படித்தான் வருகிறது, சினிமாவிலும் அப்படித்தான். திருத்தித் திருத்தி வாய் நோகிறது.

அதில் இருப்பது நீங்கள் இப்போது இழுத்துவிடும் அதே காற்று. கொம்பிரசர் அதை வடிகட்டி, ஈரத்தை எடுத்து, 200 பார் அழுத்தத்தில் அடைக்கிறது. ஒட்சிசன் 21 வீதம், மிச்சம் பெரும்பாலும் நைதரசன். தனி ஒட்சிசனை அடைத்துக்கொண்டு இறங்கிப் பாருங்கள், ஆறு மீற்றர் தாண்டினாலே ஆபத்து. ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு பார் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் ஒட்சிசன் மூளையைத் தாக்கும். எச்சரிக்கை எதுவும் இல்லாமல் வலிப்பு வரும், வாயில் கடித்திருந்தது நழுவும், அடுத்த மூச்சுக்குத் தண்ணீர்தான் உள்ளே போகும். அழுத்தத்தில் ஒட்சிசன் வலிப்பைக் கொண்டுவரும் என்று போல் பேர்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1878இலேயே எழுதிவைத்துவிட்டார். நமக்கு இன்னும் செய்தி வந்து சேரவில்லை.

இத்தோடு நின்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் இந்தக் கதைக்கு ஒரு வால் இருக்கிறது: ஒட்சிசன் முடியும்வரை எவ்வளவு ஆழத்துக்கும் போகலாமாம். ஆளைக் கொல்வது இந்த வால்தான்.

மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கிற ஹேர்மிஸைப் பார்த்தே ஆகவேண்டும் என்று வருகிறவர்கள் வாயில் இதை அடிக்கடி கேட்கிறேன். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அது. கடலடி ஏறத்தாழ 53 மீற்றர். அங்கே அழுத்தம் கரையில் உள்ளதைப்போல ஆறு மடங்குக்கும் மேல். ஒரு மூச்சுக்கு ஆறு மூச்சுக் காற்று போகும். கணக்குப் போடுங்கள். 12 லீற்றர் சிலிண்டரில் 2,400 லீற்றர் காற்று அடைபட்டிருக்கிறது. கரையில் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கிறவருக்கு இரண்டு மணி நேரம் வரும். ஹேர்மிஸின் அடியில் இருபது நிமிடம்கூட வராது, அதுவும் மேலே ஏறுவதற்கு ஒரு சொட்டும் மிச்சம் வைக்காமல்.

காற்று போதும் என்றே வைத்துக்கொள்வோம். நைதரசன் சும்மா இருக்குமா? முப்பது மீற்றர் தாண்டியதும் அது தலைக்கு ஏறத் தொடங்கும். அந்த ஆழத்தில் பயிற்சிக்கு வந்தவரிடம் எவ்வளவு காற்று இருக்கிறதென்று சைகையில் கேட்பேன். மானியைக் கண்ணுக்கு நேரே தூக்குவார், முள்ளை உற்றுப் பார்ப்பார், 'எல்லாம் சரி' என்று விரலை வளைத்துக் காட்டுவார். இலக்கம் வராது. மறுபடி கேட்டால் மறுபடி அதே விரல், அதோடு ஒரு சிரிப்பு. மேலே வந்து விசாரித்தால் நான் கேட்டதே நினைவில்லை என்பார். இந்தப் புத்தியோடு இருபது மீற்றர் இன்னும் கீழே, இரும்புக் குவியலுக்குள் நுழையப் போகிறாராம்!

இன்னொன்று, கீழே இருக்கும் நேரமெல்லாம் நைதரசன் உடம்பில் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால் இரத்தத்திலும் திசுக்களிலும் குமிழ் கட்டும். மூட்டு வலியோடு போகலாம், முள்ளந்தண்டில் கட்டினால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே போய்விடலாம். அதனால்தான் முதல் சான்றிதழுக்கு 18 மீற்றர், அடுத்ததற்கு 30, பொழுதுபோக்குச் சுழியோடிக்கு மேலெல்லை 40 என்று வைத்திருக்கிறார்கள். ஹேர்மிஸ் அதற்கும் வெளியே. தனிப் பயிற்சி, தனி வாயுக் கலவை, ஏறும்போது இடையிடையே தரிப்பு என்று அது வேறு உலகம். 30 மீற்றர் சான்றிதழ் உள்ளவர்களுக்கு, ஹேர்மிஸ் மூழ்கிய அதே நாளில் மூழ்கிய எண்ணெய்க் கப்பல் பிரிட்டிஷ் சார்ஜன்ட் கல்குடாவுக்குப் பக்கத்திலேயே 24 மீற்றரில் கிடக்கிறது. மீன் கூட்டத்துக்குக் குறைவில்லை. பெயர்தான் பெரிதில்லை, அதுதான் சிலருக்குக் குறை.

மற்றக் கதைகளைச் சுருக்கமாக முடித்துவிடலாம். உடைந்த கப்பலுக்குள் புதையல் கிடையாது. ஹேர்மிஸோடு போனவர்கள் 307 பேர், அது சவக்காலை. சுறா உங்களைத் தேடி வருவதில்லை. முருகைக்கல் வெறும் கல்லென்று அதன்மேல் ஏறி நிற்காதீர்கள், உயிருள்ள பிராணி அது. சுழியோடிய அன்று விமானம் ஏறாவிட்டால் குமிழ்ப் பயமில்லை என்பதும் தவறு. காலையில் சுழியோடிவிட்டு மாலையே வாகனத்தில் நுவரெலியா ஏறுகிறார்கள். கிட்டத்தட்ட 1,900 மீற்றர் உயரம், விமானத்துக்குள் இருக்கும் அழுத்தத்துக்குக் கொஞ்சம்தான் வித்தியாசம். ஒரு நாள் கடற்கரையில் தங்கிவிட்டுப் போங்கள்.

ஒட்சிசன் இருக்கவேண்டிய இடம் படகு. குமிழ் கட்டியவருக்கு முதலுதவியே தனி ஒட்சிசன்தான், கையோடு அழுத்த அறை உள்ள வைத்தியசாலை. நம் சுற்றுலாப் படகுகளில் சிலவற்றிலாவது ஒட்சிசன் இருக்கிறது. வடக்கில் கடலட்டைக்கும் சங்குக்கும் ஒரே நாளில் சிலிண்டர் மாற்றி மாற்றி இறங்கும் பொடியன்களின் படகுகளில் இருக்கிறதா? ஆழமானிகூட இல்லாமல் இறங்குகிறார்கள். வலி வந்தால் திரும்பவும் கீழே போய்ச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள், அது இன்னும் ஆபத்து. பத்திரம் கொடுக்கும் அதிகாரிகளே, கடலட்டை அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க அவர்கள் வரும்போது படகில் ஒரு ஒட்சிசன் சிலிண்டரையும், அதைப் பாவிக்கத் தெரிந்த ஒருவரையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத படகுக்குப் பத்திரம் கொடுக்காதீர்கள்.