பனியைச் சேர்த்து வைக்கும் ஊர்

நம் நாட்டின் வட கோடியில் லடாக் இருக்கிறது. அது மிக உயரமான மலைப் பகுதி. அங்குள்ள லே நகரம் சுமார் 11,500 அடி உயரத்தில் உள்ளது.

பூஜ்யம் டிகிரிக் குளிரில் தண்ணீர் உறைந்துவிடும். லே நகரில் சில இரவுகளில் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே 20 டிகிரி வரை போகும். ஓடை உறையும். குழாய் நீரும் உறையும். இந்தக் குளிரில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள்?

கோடையிலேயே அவர்கள் தயாராகிறார்கள். உருளைக்கிழங்கு, கேரட், முள்ளங்கியை மண்ணில் குழி தோண்டிப் பத்திரப்படுத்துகிறார்கள். கீரையை வெயிலில் உலர்த்துகிறார்கள். அடுப்பு எரிக்கச் சாணத்தைக் காயவைத்துச் சேர்க்கிறார்கள். மாட்டுக்கான புல்லை வீட்டுக் கூரைமேல் அடுக்குகிறார்கள்.

வீட்டுச் சுவர்கள் கனமான மண் சுவர்கள். பழைய வீடுகளில் கீழே ஆடு மாடுகள் இருக்கும். மேலே மக்கள் இருப்பார்கள். குளிர் காலத்தில் குடும்பம் முழுவதும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். வறுத்த பார்லி மாவு அவர்களின் உணவு. வெண்ணெயும் உப்பும் சேர்த்த தேநீர் உடம்புக்குச் சூடு தரும்.

குளிரைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அதுதான் தண்ணீர். லே நகரில் மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர்தான். அது அரைச் சாண் அளவு! மலைப் பனி உருகி வரும் நீரைத்தான் பயிர்கள் நம்பியிருக்கின்றன. விதைப்பது ஏப்ரல், மே மாதங்களில். உச்சியில் உள்ள பனி நன்றாக உருகுவதோ ஜூன் மாதத்தில். ஆண்டுக்கு ஒரு போகம்தான். விதைப்பு தவறினால் விளைச்சல் இல்லை.

சேவாங் நோர்பெல் என்ற பொறியாளர் இதற்கு வழி தேடினார். குளிர் காலத்தில் ஓடை நீர் வீணாக ஓடுவதைக் கண்டார். அதை ஊருக்கு அருகிலேயே உறைய வைத்தால் என்ன?

1987இல் அவர் இந்த வேலையைத் தொடங்கினார். ஊர் மக்களும் கை கொடுத்தார்கள். நிழல் விழும் சரிவில் கற்களால் சிறு தடுப்புகள் கட்டினார்கள். ஓடை நீரை அங்கே திருப்பினார்கள். தடுப்புகளால் நீரின் வேகம் குறைந்தது. நீர் அங்கேயே உறைந்தது. அந்த இடம் மலை உச்சியைவிடத் தாழ்வானது. அதனால் பனி முன்னதாகவே உருகியது. விதைப்புக்கு நீர் கிடைத்தது. 2015இல் நோர்பெலுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

லடாக் மக்கள் கோடையில் குளிர் காலத்துக்குச் சேர்க்கிறார்கள். குளிர் காலத்தில் விதைப்புக்குச் சேர்க்கிறார்கள்.

கூடிப் பேசுங்கள்:

1. லடாக்கில் விதைக்கும் நேரத்தில் தண்ணீர் கிடைக்காதது ஏன்?

2. உங்கள் ஊரில் மழை நீர் எங்கே வீணாகிறது? அதைத் தேக்க ஊரார் சேர்ந்து என்ன செய்யலாம்?