முதிர்ந்த குதிரையின் புற நரம்புகள்

பிராயம் முதிர்ந்த குதிரை நடையில் இடறினால், அதைச் சோம்பலென்றும் முரண்டென்றும் கருதிச் சவுக்கால் அடிப்பதுண்டு. சில வேளைகளில் குற்றம் அதன் குணத்திலன்று. கால்களுக்குச் செல்லும் நரம்புகளிலேயே இருக்கும். வேறு சில வேளைகளில், தீர்க்கக்கூடிய வியாதியை மூப்பென்று எண்ணிக் குதிரையைக் கைவிட்டுவிடுவதும் உண்டு. இவ்விரண்டு தவறுகளையும் விலக்குவதற்கு வேண்டிய விவரங்கள் கீழே தரப்படுகின்றன.

முன்னாளில் சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மட்டக்குதிரைகள் ஜட்கா வண்டிகளை இழுத்து வந்தன. இன்று குத்தம்பாக்கம், திருமழிசை, பூவிருந்தவல்லி முதலிய ஊர்ப்பக்கங்களில் குதிரை வாங்குவோர், சவாரிக்கோ கலியாண ஊர்வலத்திற்கோ வாங்குதல் கூடும். பல கை மாறி வரும் குதிரையின் பிராயத்தை விற்பவர் சொல்லால் முடிவு செய்யாமல், கால்நடை மருத்துவரைக் கொண்டு பற்களைப் பார்த்து மதிப்பிடுதல் நலம். பதினைந்து பிராயத்தைக் கடந்த குதிரையை முதுமையை நெருங்கியதாகவும், இருபதைக் கடந்ததை முதியதாகவும் கொள்ளலாம்.

நரம்பின் அமைப்பு

மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் புறப்பட்டு உடலெங்கும் பரவுபவை புற நரம்புகள். ஒவ்வொரு நரம்பும் நுண்ணிய இழைகள் பலவற்றின் கட்டாகும். பருத்த இழைகளின்மேல் மயலின் என்னும் கொழுப்புறை சுற்றியிருக்கும். இவ்வுறையினாலேயே செய்தி விரைந்து செல்கிறது. இழையை வளர்த்துக் காக்கும் உயிரணுவோ தண்டுவடத்திலோ அதன் அருகிலோ இருக்கிறது. குளம்பு வரை நீளும் இழைக்கு வேண்டிய பொருள்கள் யாவும் அவ்வளவு தூரம் சென்று சேர வேண்டும். ஏரியின் மதகிலிருந்து வெகுதூரத்திலுள்ள கடைமடை வயல் நீர்க்குறைவை முதலில் உணர்வது போல, நெடிய நரம்பின் கடைமுனையே முதலில் நலிவுறும்.

முதுமையில் நேருவது

பிராயம் ஏற ஏறப் பருத்த இழைகள் சில அழிகின்றன. சிலவற்றின் உறை சிதைந்து மீண்டும் உண்டாகிறது. ஆனால் புதிய உறை முன்னையதைவிட மெல்லியதாயிருக்கும். ஆகவே செய்தியின் வேகம் குறைகிறது. இம்மாறுதல் மெல்ல நிகழ்வது. இரு பக்கத்துக் கால்களிலும் ஏறத்தாழ ஒத்திருப்பது. பெரும்பான்மையான குதிரைகளில் இது வெளிப்படத் தோன்றாது. திடீரென்று வந்ததும், ஒரு காலில் மட்டும் காண்பதும், நாளுக்கு நாள் மிகுவதும் மூப்பன்று என்று அறிக.

மூப்பென்று மயங்கத்தக்கவை

1. குரல்வளை நரம்பு: இடப்பக்கத்து நரம்பு கழுத்து வழியே மார்புக்குள் இறங்கி, இருதயத்திலிருந்து எழும் பெருந்தமனியை வளைந்து மீண்டும் குரல்வளைக்கு ஏறுகிறது. நீளம் மிகுந்த இந்நரம்பு நலிந்தால், ஓடும்போது மூச்சு இரைச்சலோடு வரும். நெடிய குதிரைகளில் இஃது இளமையிலேயே தோன்றுவதால் மூப்பின் விளைவென்று கொள்ளலாகாது.

2. தோள் மெலிவு: வண்டிக் குதிரையின் தோளில் சேணவார் அழுத்தியோ அடிபட்டோ நரம்பு கெடின், தோள்பட்டையின் சதை ஒரு பக்கம் மட்டும் வற்றும்.

3. பசுந்தீவன மின்மை: நெடுங்காலம் பசும்புல்லின்றி உலர்தீவனத்தையே உண்ணும் குதிரைக்கு ‘இ’ உயிர்ச்சத்துக் குறைந்து, தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியக்கூடும். இவ்வியாதி 1990-இல் அமெரிக்காவில் முதன்முதல் விவரிக்கப்பட்டது. நன்றாக உண்டும் உடல் மெலிதல், நிற்கையில் தசைநடுக்கம், நான்கு கால்களையும் நெருக்கி நிற்றல், அடிக்கடி படுத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள்.

4. சர்ரா: ஈக்களின் கடியால் பரவும் இரத்த வியாதி. இதன் கிருமியை 1880-இல் கிரிபித் எவான்ஸ் கண்டறிந்தார். விட்டுவிட்டு வரும் சுரமும் பின்கால் தள்ளாட்டமும் காணின் இரத்தப் பரிசோதனை அவசியம்.

இவையன்றி மூட்டுவாதமும் அளவு மீறி வளர்ந்த குளம்பும் இடறலுக்குக் காரணமாகும்.

சோதிக்கும் முறை

குதிரையைச் சமதரையில் நேராக நடத்துக. பிறகு சிறு வட்டமாகத் திருப்புக. மெல்லிய சரிவில் இறக்குக. கால் நுனி தரையில் உராய்கிறதா, பின்கால்கள் ஒன்றோடொன்று பின்னுகின்றனவா என்று கவனிக்க. குளம்பின் முன்னுனி மட்டும் தேய்ந்திருப்பது காலை இழுத்து நடப்பதற்குச் சாட்சி. இரு பக்கத்துச் சதையையும் தடவி ஒப்பிடுக. கண்டவற்றைத் தேதியோடு குறித்து வைத்தால் மருத்துவருக்கு மிகவும் உபயோகமாகும். 1903-இல் வேப்பேரியில் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இவ்வட்டாரத்தாருக்கு அணுகத்தக்க இடத்திலுள்ளது.

பராமரிப்பு

அழிந்த நரம்பிழையை முதுமையில் மீட்பது அரிது. எஞ்சியதைக் காப்பது கைகூடும். கொள்ளும் வைக்கோலும் மட்டும் போதா. அறுகு, குதிரைமசால் முதலிய பசுந்தீவனம் கோடையிலும் கிடைக்குமாறு, கிணற்றுப் பாய்ச்சலுள்ளோர் சிறு பாத்தியொன்றை ஒதுக்குக. குளம்பை ஆறு வாரத்திற்கொரு முறை சீர்செய்க. லாயத்தின் தரை வழுக்கலாகாது. நாள்தோறும் மெல்ல நடத்துதல் நன்று. இடறும் குதிரைமீது எவரையும், சிறப்பாகக் குழந்தைகளை, ஏற்றலாகாது.

கிராம அதிகாரிகள் அறிய வேண்டியது

மூப்பினாலோ வியாதியினாலோ வேலைக்குத் தகாத பிராணியை வேலை வாங்குவது, 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் பிராணிகளை நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், இடையே ஓய்வின்றி 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது என்பது 1965-ஆம் ஆண்டு விதி. வெப்பம் 37 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட இடத்தில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை அவற்றிடம் வேலை வாங்குவதையும் அவ்விதி தடுக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் இதைத் தவறாது கவனித்தல் வேண்டும்.

குதிரை இடறினால் முதலில் குளம்பையும், அடுத்துத் தீவனத்தையும், பின்னர் இரத்தத்தையும் பரிசோதிப்பிக்க. இவற்றில் குறை காணாவிடத்தே மூப்பென்று கொண்டு, வேலையைக் குறைத்துக் குதிரைக்கு ஓய்வளிக்க.